கேம்பாய் கருவியின் மறுவாழ்வு

மின்னணு விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் விற்பனைக் கணக்கோடு நின்றுவிடுவர். எந்தக் கருவி எந்த ஆண்டிலே சந்தைக்கு வந்தது, எத்தனை கோடி விலைபோயிற்று, எந்த ஆண்டிலே உற்பத்தி நின்றது என்பவற்றைக் கூறிவிட்டால் அதன் வரலாறு முற்றுப்பெற்றதென அவர் கருதுவர். வணிக வரலாறு என்ற அளவில் அது போதுமானதே. ஆயினும், செய்தவர் கைவிட்ட பின்னர் இரண்டாவது வரலாறொன்றைப் பெறும் கருவிகளும் சில உள. யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1989 ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2003 ஆம் ஆண்டளவில் உற்பத்தியை நிறுத்திய 'கேம்பாய்' என்னும் கையடக்கக் கருவி அவற்றுள் ஒன்று. நிறுவனத்தின் அனுமதியோ ஊதியமோ இன்றி அக்கருவிக்கென விளையாட்டுக்கள் எழுதுவோரின் தொகை ஒரு காலத்தில் அருகி, பின்னர் முன்னிருந்ததிலும் பெருகியது. இதற்குக் காரணம் இளமைக்கால நினைவின் ஏக்கமே என்று கூறுவாருளர். அக்கூற்றுச் சிறிதளவே பொருந்தும். கருவியைப் பற்றி எழுதிவைக்கப்பட்ட அறிவே அதன் மறுவாழ்வுக்கு வேராய் நின்றது என்பதனை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

இத்தகைய தன்னார்வ ஆக்கத்தை ஆங்கிலேயர் 'ஹோம்புரூ' என்பர். வீட்டிலே வடித்த மதுவைக் குறிக்கும் அச்சொல், காலப்போக்கிலே, நிறுவனத்தின் உரிமம் பெறாத தனியார் தம் வீட்டு மேசையிலிருந்து எழுதும் மென்பொருளையும் குறிக்கலாயிற்று. பிறர் விளையாட்டைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. இரண்டுக்கும் வழி பல இடங்களில் ஒன்றாய் இருந்தமையால், பொதுமக்களும் சட்டத்தரணிகளும் இரண்டையும் ஒன்றாகவே கருதிய காலமும் இருந்தது. அதனைப் பின்னர் நோக்குவாம்.

முதலிற் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கேம்பாய் 1989 ஏப்பிரில் 21 ஆம் நாள் யப்பானிலே 12,500 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் குன்பெய் யொக்கோய். 1965 இல் நின்டெண்டோவிற் சேர்ந்து, 1980 இல் 'கேம் அன்ட் வோச்' என்னும் சிறு விளையாட்டுக் கருவிகளை ஆக்கிப் புகழ்பெற்றவர் இவர். புதிதாய்ப் பிறந்த விலையுயர்ந்த தொழினுட்பத்தை நாடாது, நன்கு பழகி விலை குறைந்துபோன தொழினுட்பத்தைப் புதியதொரு வழியிலே பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. 'வாடிய தொழினுட்பம்' என்றே அவர் அதனைக் குறிப்பிட்டார். அக்கொள்கை கேம்பாயின் ஒவ்வோர் உறுப்பிலும் விளங்குகின்றது. 160 புள்ளி அகலமும் 144 புள்ளி உயரமும் கொண்ட திரை. அதிலே நிறமில்லை, நான்கு சாயல்கள் மாத்திரமே. பின்னொளியும் இல்லை. 8 பிற்றுச் செயலி விநாடிக்கு ஏறத்தாழ 42 இலட்சம் துடிப்புக்களில் இயங்கும். வேலைக்குரிய நினைவகம் 8 கிலோபைற்று, படத்துக்குரியது மற்றுமொரு 8 கிலோபைற்று. அக்காலத்திலே போட்டிக்கு வந்த அட்டாரி லிங்ஸ், செகா கேம் கியர் ஆகிய இரண்டும் வண்ணத்திரையும் பின்னொளியும் உடையன. ஆயின் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலே தின்று தீர்த்தன. கேம்பாயோ நான்கு மின்கலங்களில் ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடியது. பேருந்திலும் படுக்கையிலும் விளையாட விரும்பிய சிறுவருக்கு நிறத்தினும் நேரமே பெரிதாயிற்று. 1998 இல் வெளிவந்த வண்ணக் கேம்பாயையும் சேர்த்து 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விலைபோயின.

இந்த எளிமை யொக்கோய் எதிர்பாராத பயனொன்றையும் பின்னாளிலே தந்தது. தற்காலத்துக் கணினியொன்றை அடிமுதல் நுனிவரை ஒருவர் தனியே அறிந்துகொள்ளல் இயலாது. கேம்பாயை அவ்வாறு அறியலாம். திரையிலே தோன்றும் ஒவ்வோர் உருவமும் 8 புள்ளிக்கு 8 புள்ளியான சிறு ஓடுகளாற் பின்னப்படுவது. நகரும் உருவங்கள் 40. அவற்றுள் ஒரே வரியில் 10க்கு மேற்பட்டவை தோன்றா. 144 வரிகளை வரைந்தபின், 10 வரி வரைவதற்குரிய நேரம் கருவி ஓய்ந்திருக்கும். அவ்வோய்வு 1.1 மில்லிசெக்கன் அளவினது. படநினைவகத்தைத் தடையின்றி மாற்றிக்கொள்ள நிரலர்க்குக் கிடைக்கும் பெரும்பொழுது அதுவே. இவற்றை ஒருவன் சில மாத உழைப்பாற் கற்றுத் தேறலாம். கற்றபின், தான் எழுதிய ஒவ்வோர் ஆணையும் எந்தக் கணத்திலே என்ன செய்கின்றதென அவன் சொல்ல வல்லவனாவான். கணினியியல் கற்கும் மாணவர் பலர் பட்டம் பெற்ற பின்னும் இந்நிலையை எய்துவதில்லை என்பது மிகைக்கூற்றாகாது.

ஆயினும் நிறுவனம் அந்த அறிவைப் பொதுவில் வைக்கவில்லை. உரிமம் பெற்ற ஆக்குநருக்கே நூல்களும் கருவிகளும் வழங்கப்பட்டன. அவையும் இரகசியம் காக்கும் உடன்பாட்டின் பேரிலேயே வழங்கப்பட்டன. வெளியாரைத் தடுக்கக் கருவிக்குள்ளேயே ஒரு பூட்டும் அமைக்கப்பட்டிருந்தது. அப்பூட்டின் அமைப்பு விரித்துக் கூறத்தக்கது.

கருவியினுள்ளே 256 பைற்று அளவினதான சிறுநிரலொன்று பொதிந்துள்ளது. மின்விசை ஏறியதும் அது விழித்தெழுந்து, விளையாட்டு அடங்கிய செருகுபேழையின் தலைப்பகுதியிலிருந்து 48 பைற்றுத் தரவை வாசிக்கும். அத்தரவு நின்டெண்டோ என்னும் பெயர்ச்சின்னத்தின் படம். அதனைத் திரையின் மேல்விளிம்பிலிருந்து மெல்ல இறக்கி நடுவிலே நிறுத்தி, மணியோசை போன்றதோர் ஒலியை எழுப்பும். கேம்பாயைக் கையிலேந்திய எவரும் மறவாத காட்சி அது. அழகுக்காகவே வைக்கப்பட்டதெனச் சிறுவர் எண்ணியிருப்பர். காட்சி முடிந்ததும் அந்நிரல் பேழையிலுள்ள தரவைத் தன்னிடமுள்ள படியோடு பைற்றுப் பைற்றாக ஒப்புநோக்கும். ஒன்று வேறுபடினும் கருவி அவ்விடத்திலேயே உறைந்துபோகும். ஆகவே, உரிமம் பெறாத ஒருவர் பேழை செய்ய விரும்பின், நின்டெண்டோவின் வணிகச் சின்னத்தைத் தம் பேழையிலே படியெடுத்து வைத்தேயாதல் வேண்டும். வைத்தால் வணிகச் சின்ன மீறல் என்று வழக்குத் தொடுக்கலாம். வையாவிட்டாற் கருவி இயங்காது. பொறியியலாளரும் சட்டத்தரணியும் ஒருங்கிருந்து ஆக்கிய பூட்டு இது எனலாம்.

இப்பூட்டுக்கும் ஓர் ஓட்டை இருந்தது. பெயர்ச்சின்னத் தரவை அச்சிறுநிரல் இருமுறை வாசிக்கின்றது: முதன்முறை திரையிற் காட்டுதற்கு, இரண்டாம் முறை ஒப்புநோக்குதற்கு. இதனைக் கண்டுகொண்ட சில உரிமமற்ற நிறுவனங்கள், முதன்முறை தம் பெயரையும் இரண்டாம் முறை நின்டெண்டோவின் பெயரையும் தரவல்ல பேழைகளைச் செய்தன. திரையிலே தோன்றுவது ஒன்று, சோதனைக்கு நீட்டுவது வேறொன்று. களவே ஆயினும் அதன் நுட்பத்தை வியவாதிருக்க முடியாது.

இவ்வகைப் பூட்டின் சட்ட வலிமை ஐக்கிய அமெரிக்காவிலே 1992 இல் ஆட்டங்கண்டது. செகா நிறுவனம் தன் வீட்டுக் கருவியில் இதற்கு ஒப்பானதோர் அமைப்பை வைத்திருந்தது. அக்கொலேட் என்னும் நிறுவனம் அதனைப் பிரித்தாராய்ந்து, உரிமமின்றியே விளையாட்டுக்களை வெளியிட்டது. செகா தொடுத்த வழக்கிலே மேன்முறையீட்டு நீதிமன்றம், வேறு வழியில்லாதவிடத்து, இசைவான மென்பொருள் செய்யும் பொருட்டு மற்றொருவர் நிரலைப் பிரித்தாராய்தல் நியாயமான பயன்பாடாகும் எனத் தீர்த்தது. திரையிலே பொய்யான சின்னம் தோன்றுவதற்குப் பொறுப்பும் அத்தகைய பூட்டை அமைத்த செகாவையே சாரும் என்றது. தீர்ப்புக் கேம்பாயைப் பற்றியதன்று. எனினும், பிற்காலத்திலே தன்னார்வ நிரலர் தம் செயலுக்கு நியாயம் கூறுமிடத்து அதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவாராயினர்.

இனி, அறிவு வெளிப்பட்ட வரலாற்றுக்கு வருவாம். 1990களின் நடுப்பகுதியிலே இணையம் பல்கலைக்கழகங்களிலிருந்து வீடுகளுக்குப் பரவத் தொடங்கியது. அக்காலத்திலேயே கேம்பாயைப் பிரித்துப் பார்த்தும், பேழைகளிலுள்ள நிரல்களைப் படித்தும் பலர் பெற்ற செய்திகள் ஒன்றுசேரலாயின. 1995 இல் 'பான்' என்னும் புனைபெயரினர் ஒருவர் அவற்றைத் தொகுத்து வெறும் எழுத்துக் கோப்பாக வெளியிட்டார். நினைவகத்தின் எப்பகுதி எதற்குரியது, திரைக்குக் கட்டளையிடுவது எவ்வாறு, ஒலியெழுப்புவது எவ்வாறு என்பன அதில் அடங்கியிருந்தன. பிழைகளும் இருந்தன. படித்தவர் திருத்தினர், சேர்த்தனர், மீண்டும் வெளியிட்டனர். 'பான் டாக்ஸ்' என்ற பெயரோடு அக்கோப்புக் கைக்குக் கை மாறியது. பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதியோர் ஓரத்திலே தம் குறிப்பைச் சேர்த்து அடுத்தவருக்கு வழங்கிய முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஒரே நூலுக்குப் பல பாடங்கள் தோன்றிய தொல்லையும் அங்கே போலவே இங்கும் நேர்ந்தது.

ஏட்டோடு எழுத்தாணியும் வேண்டுமன்றோ? 1990களின் பிற்பகுதியிலே ஆர்ஜிபிடிஎஸ் என்னும் அசெம்பிளி மொழித் தொகுதியும், சி மொழியில் எழுதியதைக் கேம்பாய்க்கு ஏற்பப் பெயர்க்கும் ஜிபிடிகே என்னும் தொகுதியும் இலவசமாகக் கிடைத்தன. கேம்பாயைப் போலவே கணினியை நடிக்கச்செய்யும் 'எமுலேற்றர்' மென்பொருள்களும் தோன்றின. இவற்றால், கருவியைத் தொடாமலே விளையாட்டை எழுதிச் சோதித்துப் பார்க்க முடிந்தது. எழுதியதை மெய்யான கருவியில் ஓட்டுதற்கு, அழித்து எழுதக்கூடிய பேழை வேண்டும். அதனை விற்றோர் சிலர். வாங்கியோருட் பலர் திருட்டுப் படிகளை ஓட்டவே வாங்கினர் என்பதை மறைத்தற்கில்லை. அத்தகைய பேழை விற்ற ஹொங்கொங் நிறுவனமொன்றின்மீது நின்டெண்டோ வழக்குத் தொடுத்து வென்றது. அந்நிறுவனமே தன்னார்வ நிரலருக்குப் போட்டிகளும் நடத்தியது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. கள்வருக்கு ஏணி விற்றவன் கலைஞருக்குப் பரிசும் கொடுத்தான். இரு சாராரையும் நீதிமன்றமும் பத்திரிகைகளும் வேறு பிரித்து நோக்காமையின் காரணம் இதனால் விளங்கும்.

2001 இல் 'கேம்பாய் அட்வான்ஸ்' வெளிவந்தது. அதன் 32 பிற்றுச் செயலியும் வண்ணத்திரையும் நிரலரை ஈர்த்தன. சி மொழியில் எழுதுதற்கு அது பழைய கருவியிலும் எத்துணையோ இலகுவானது. பழங்கருவிக்கு எழுதுவோர் அருகினர். ஜிபிடிகேயின் வளர்ச்சி 2000களின் தொடக்கத்திலே நின்றது. புதிய கணினிகளில் அது இயங்க மறுத்தபோது சீர்செய்வாரில்லை. எழுத்துக் கோப்புக்கள் இருந்த இணையத்தளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கேம்பாயின் தன்னார்வ வரலாற்றிலே இதனை இருண்ட காலம் எனலாம்.

ஆயினும் அவ்விருளிலும் இரு சுடர்கள் அணையாதிருந்தன. ஒன்று இசை. கேம்பாயின் ஒலிப்பகுதி நான்கு தடங்களே உடையது. அதன் ஒலியோ வேறெக்கருவியிலும் இல்லாத கூர்மையுடையது. 1998 இல் ஜெர்மனியிலே தோன்றிய 'நானோலூப்', 2000 இல் சுவீடனிலே தோன்றிய 'லிட்டில் சவுண்ட் டீஜே' ஆகிய இரு பேழைகளும் அக்கருவியை இசைக்கருவியாக்கின. ஐரோப்பிய நகரங்களிலும் நியூயோர்க்கிலும் டோக்கியோவிலும் மேடையேறி அதனை வாசித்தனர். விளையாட்டுக்காரர் மறந்துவிட்ட கருவியை இசைக்காரர் வாங்கிப் பழுதுபார்த்துப் பேணினர். எழுதத்தக்க பேழைகளுக்கு ஓரளவு தேவை தொடர்ந்திருந்தமைக்கு அவர்களும் ஒரு காரணம். மற்றைச் சுடர், பூட்டின் இரகசியத்தை அறிய விரும்பியோரின் விடாமுயற்சி. மேலே கூறிய 256 பைற்றுச் சிறுநிரல் தன் வேலை முடிந்ததும் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். பின்னர் எந்த நிரலாலும் அதனை வாசிக்க இயலாது. 1989 இலிருந்து பதினான்கு ஆண்டுகள் அது வெளிவரவில்லை. 2003 இல் ஒருவர் அச்சில்லின் மேலோட்டை நீக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பொறிக்கப்பட்டிருந்த இருமங்களைக் கண்ணாற் பார்த்தே அந்நிரலை எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெடுத்தார். கருவியின் உற்பத்தி நின்ற ஆண்டும் அதுவே.

இவ்விடத்திலே யொக்கோயின் மற்றொரு கருவியை ஒப்புநோக்குதல் தகும். 1996 இல் அவர் நின்டெண்டோவை விட்டு விலகிக் கொட்டோ என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பண்டாய் நிறுவனத்துக்காக 'வண்டர்சுவான்' என்னும் கையடக்கக் கருவியை உருவாக்குவதிற் பங்குகொண்டார். 1997 ஒக்டோபர் 4 ஆம் நாள் வீதி விபத்தொன்றில் அவர் இறந்தமையால் அது வெளிவருதலைக் காணவில்லை. 1999 மார்ச்சில் 4,800 யென்னுக்கு அது வந்தது. ஒரேயொரு மின்கலத்தில் ஓடியது. அடுத்த ஆண்டிலே, கியூட் என்னும் நிறுவனம் 'வண்டர்விச்' என்ற தொகுதியைப் பொதுமக்களுக்கே விற்றது. எழுதத்தக்க பேழை, கணினியோடு இணைக்கும் வடம், சி மொழிக் கருவிகள் ஆகியன அதில் இருந்தன. எவரும் விளையாட்டு எழுதலாம், போட்டிக்கும் அனுப்பலாம். போட்டியில் முதன்மை பெற்ற 'ஜட்ஜ்மென்ட் சில்வர்சுவோர்ட்' 2004 இல் உரிய பேழையாகவே விற்பனைக்கு வந்தது. தன்னார்வ நிரலருக்கு இதனினும் பெரிய வரவேற்பை எந்தக் கருவி அளித்தது?

எனினும் அக்கதவு நெடுங்காலம் திறந்திருக்கவில்லை. வண்டர்சுவான் பெரும்பாலும் யப்பானிலேயே விற்கப்பட்டது. ஏறத்தாழ 35 இலட்சம் கருவிகளோடு 2003 அளவில் முடிவுற்றது. வண்டர்விச்சின் நூல்கள் யப்பானிய மொழியில் இருந்தன. அதன் கருவிகள் அக்காலத்துக் கணினிக்கே உரியனவாய் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தொகுதி ஒரு விற்பனைப் பொருள். விற்பவர் நிறுத்தியதும் புதியவர் நுழைய வழி குறுகியது. 2020களிலே அக்கருவிக்கும் திறந்த மூலக் கருவிகளைத் தன்னார்வலர் அமைத்த பின்னரே அது மீண்டும் தலையெடுக்கத் தொடங்கியது. வாயிலை அடைத்துப் பூட்டிய கேம்பாய்க்கு ஆக்குநர் பெருக, வரவேற்று அழைத்த வண்டர்சுவானுக்கு அவர் அருகியமைக்கு விற்பனைத் தொகை ஒரு காரணமே. பூட்டை உடைத்தவர் தாம் கற்றதை எழுதி எவருக்கும் உரியதாக்கினர் என்பது மற்றைக் காரணம். கட்டுரைப் பொருளுக்கு அதுவே இன்றியமையாதது.

மறுவாழ்வு எந்த நாளிலே தொடங்கிற்று என வரையறுத்தல் அரிது. சில நிகழ்ச்சிகளைச் சுட்டலாம். சிதறிக் கிடந்த பான் டாக்ஸ் 2000களின் பிற்பகுதியிலே பலரும் திருத்தக்கூடிய விக்கி வடிவம் பெற்றது. 2016 டிசெம்பரில் ஹம்பர்க் நகரிலே நடைபெற்ற கேயோஸ் கணினிக் கழகத்தின் மாநாட்டிலே, கேம்பாயின் அமைப்பு முழுவதையும் ஒரு மணி நேரத்தில் விளக்கிய சொற்பொழிவொன்று நிகழ்ந்தது. அதன் ஒளிப்பதிவு இணையத்திலே பரவி, அக்கருவி வெளிவந்தபோது பிறந்திராத இளைஞரையும் எட்டியது. 2017 இல் வெளிவந்த 'டோபு டோபு கேர்ள்' என்னும் விளையாட்டின் ஆக்குநர் விளையாட்டோடு அதன் மூலநிரல் முழுவதையும் பொதுவில் வைத்தனர். 2020 இல் ஜிபிடிகே பழைய குழியிலிருந்து எடுக்கப்பட்டு, புதிய தொகுப்பானோடு இணைக்கப்பட்டு, 'ஜிபிடிகே 2020' என்னும் பெயரோடு மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்திலே பான் டாக்ஸும் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் திறந்த களஞ்சியமாக மாற்றப்பட்டது. யார் எந்த வரியை ஏன் மாற்றினார் என்பதை இன்று எவரும் காணலாம். பாடபேதங்களின் தொல்லை இதனாலே பெரிதும் நீங்கிற்று.

இவற்றுளெல்லாம் பொதுமக்களிடையே பெரும் மாற்றத்தை விளைத்தது 2019 ஏப்பிரிலில் வெளிவந்த 'ஜிபி ஸ்ரூடியோ' ஆகும். நிரல் எழுதத் தெரியாதவரும் படங்களை இட்டு, நிகழ்ச்சிகளை அடுக்கி, கேம்பாயில் ஓடும் விளையாட்டைச் செய்ய அது வழிவகுத்தது. செய்த விளையாட்டை இணைய உலாவியிலேயே பிறர் ஆடவும் செய்யலாம். ஓவியரும் கதாசிரியரும் பள்ளிச் சிறுவரும் இதனால் உள்ளே வந்தனர். அதற்கு முன்னர் அசெம்பிளி மொழி என்னும் உயர்ந்த படியைத் தாண்ட வல்லாரே உள்ளே நுழைந்தனர்.

பழைய நிரலர் சிலர் இதனை முகஞ்சுளித்தே நோக்கினர். ஜிபி ஸ்ரூடியோவிற் செய்தவற்றுட் பெரும்பாலானவை ஒரே முகம் உடையன. மேலிருந்து பார்க்கும் ஊரிலே ஒருவன் நடந்து எதிர்ப்பட்டாரோடு பேசுவதே பல விளையாட்டுக்களின் பொருள் என்பது அவர் குறை. தொடக்ககாலப் பதிப்புக்கள் மெதுவாக இயங்கின என்பதும் மெய்யே. ஆயினும் குறையிலும் நிறையே பெரிது. தன் விளையாட்டிலே ஒரே வரியிற் பதினோராவது உருவம் ஏன் மறைகின்றது என வியந்த மாணவன், விடை தேடி எங்கே செல்வான்? பான் டாக்ஸுக்கே செல்வான். அங்கே விடையும் விடைக்குக் காரணமும் அவனுக்குக் கிடைக்கும். எளிய வாயில் ஆழமான கிணற்றுக்கு அருகே அமைந்தமையே இதன் சிறப்பு. கிணறு இன்றி வாயில் மாத்திரம் இருந்திருப்பின், இதுவும் சில மாதப் புதுமையாய்க் கழிந்திருக்கும். ஜிபி ஸ்ரூடியோவுங்கூட ஜிபிடிகேயின் மீதே எழுப்பப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஏக்கமே காரணம் என்பாரின் கூற்றை இனி எடைபோடலாம். ஏக்கம் கருவிகளை வாங்கச் செய்யும். பழைய விளையாட்டை மீண்டும் ஆடச் செய்யும். சேகரிப்போர் சந்தையிலே பழைய பேழைகளின் விலை ஏறியமைக்கு அதுவே காரணமாகலாம். ஆனால், ஓரியல்பை நினைத்துப் பார்க்குக. படத்துக்குரிய உருவப் பட்டியலைக் கருவி வாசித்துக்கொண்டிருக்கும் கணத்திலே, செயலியின் 16 பிற்றுப் பதிவகமொன்று அப்பகுதியின் முகவரியைத் தாங்கி நிற்க, அதனோடு ஒன்றைக் கூட்டினாற்கூடப் பட்டியல் சிதைந்துவிடும். பழைய சாம்பல்நிறக் கேம்பாயில் உள்ளதும் வண்ணக் கேம்பாயில் இல்லாததுமான வன்பொருட் பிழை இது. இதனைக் கண்டறிந்து, எந்தெந்த ஆணைகள் எவ்வாறு சிதைக்கும் என வகுத்து எழுதுதற்கு ஏக்கம் போதாது. எண்ணற்ற சோதனை நிரல்களை எழுதி, மெய்யான கருவியில் ஓட்டி, விடையை எமுலேற்றரோடு ஒப்புநோக்கும் ஆய்வு மனப்பான்மை வேண்டும். இவ்வுழைப்பின் பயனாகவே, எமுலேற்றரிற் சரியாக ஓடும் விளையாட்டு மெய்யான கருவியிலும் சரியாக ஓடும் என்ற நம்பிக்கை புதியவருக்குக் கிடைத்தது. முன்னைய தலைமுறைக்கு அந்நம்பிக்கை இருக்கவில்லை; 1990களின் தன்னார்வ விளையாட்டுக்கள் சில, அக்காலத்து எமுலேற்றர்களில் மட்டுமே ஓடி, கருவியிலே விழுந்து கிடந்தன.

போட்டிகளும் மீண்டன. கேம்பாய் ஆக்குநர் சமூகம் 2021 இல் நடத்திய 'ஜிபி கொம்போ' போட்டியும், அதனைத் தொடர்ந்து 2023 இல் நடைபெற்றதும் பல நாட்டாரை ஒருங்கே சேர்த்தன. 2021 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்க நிறுவனமொன்று பழைய பேழைகளை ஏற்கும் 'அனலொக் பொக்கெட்' என்னும் புதிய கருவியை விற்பனைக்கு அனுப்பியபோது, ஜிபி ஸ்ரூடியோவிற் செய்த விளையாட்டுக்களை அதற்கேற்ற வடிவிலே பெறவும் வழி செய்யப்பட்டது. கைவிடப்பட்ட கருவியின் தன்னார்வ ஆக்கங்களைப் புதிய வணிகரொருவர் தம் கருவிக்கு அணியாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

நின்டெண்டோவின் நிலை வேறு. அந்நிறுவனம் 2023 பெப்ரவரியிலே சந்தா செலுத்துவோருக்குச் சில பழைய கேம்பாய் விளையாட்டுக்களைத் தன் புதிய கருவியில் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச் 27 ஆம் நாள், '3டிஎஸ்' கருவிக்குரிய இணையக் கடையில் அவ்விளையாட்டுக்களை விலைகொடுத்து வாங்கும் வசதியை முடித்துக்கொண்டது. வாங்குதல் போய் வாடகை வந்தது எனலாம். தன் சொத்தை எவ்வாறு வழங்குவது என்பது உரிமையாளரின் விருப்பமே. ஆயினும் அவ்வுரிமையின் கீழ் வராத ஆக்கங்கள் இப்போது ஆயிரக்கணக்கில் உள. அவற்றுட் பலவற்றைத் தன்னார்வ ஆக்குநர் உரிமக் குறிப்போடு பொதுக் களஞ்சியமொன்றிலே சேர்த்து, உலாவியில் எவரும் ஆடத்தக்கவாறு வைத்துள்ளனர். பெயர்ச்சின்னத்தின் 48 பைற்றுக்கள் மாத்திரம் ஒவ்வொன்றின் தலையிலும் இன்றும் இருந்தே தீரும். அவையின்றிப் பழைய கருவி அசையாது.

கருவிகளோ மூப்படைகின்றன. திரையிலே கோடுகள் விழுகின்றன, ஒலிபெருக்கி மங்குகின்றது, ஆட்டநிலையைச் சேமிக்கப் பேழைக்குள் வைத்த சிறு மின்கலங்கள் பதினைந்து இருபது ஆண்டுகளில் தீர்ந்து, சேமித்தவற்றையும் கொண்டுபோய்விட்டன. மாற்றுத் திரையும் மாற்று ஓடும் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. பற்றவைக்கும் கோல் பிடிக்கத் தெரிந்த மாணவன் ஒரு பிற்பகலிலே பழைய கருவியைத் திருத்திவிடலாம். மேலோடு, திரை, ஒலிபெருக்கி எல்லாம் மாறியபின் எஞ்சுவது 1989 இன் செயலி ஒன்றே. அச்செயலியின் முன் அமர்ந்து சோதனை நிரல் ஓட்டி, 1995 இன் குறிப்பிலே நின்ற பிழையைக் கண்டு, பான் டாக்ஸின் வரியொன்றைத் திருத்துவோர் இன்னும் உளர்.